ஆறாவது மீனுக்கு இடம்

"இன்னும் ஒருத்தர்தானே, ஏறிக்கட்டுமே!" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், லிப்ட்காரருக்கு முகம் மாறிவிடும். இருபத்திரண்டு வருடங்களாக லிப்ட் பழுது பார்ப்பவர் அவர். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் 'எட்டுப் பேர், 544 கிலோ' என்று எழுதியிருப்பதை நீங்களும் நானும் படித்ததில்லை; கண்ணாடியில் தலைமுடி சரியாக இருக்கிறதா என்பதுதான் நம் கவலை. அவர் படிப்பார். படித்துவிட்டு ஆட்களை எண்ணுவார். ஒன்பதாவது ஆள் அந்தக் கட்டடத்துக்கே முதலாளியாக இருந்தாலும் சரி, இறக்கி விட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். "கயிறு தாங்கும் சார், பிரேக் தாங்கணுமே" என்பது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பதில்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், முன்னே பின்னே யோசிக்காமல், "இன்னொண்ணுதானே, தாராளமா!" என்று சொல்லிவிட்டார். சொன்னது ஒன்பது வயதுப் பெண்ணிடம். அவள் கேட்டது ஒரு மீன்.

அவர் வீட்டு ஹாலில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கல்லும் மணலும் போக இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆறு வருடங்களுக்கு முன்னால் அவரும் அவருடைய முதல் மனைவியும் ஆசை ஆசையாக வாங்கியது. வாங்கிய புதிதில் எத்தனை மீன் விடலாம் என்று யோசித்தபோது, அவருக்குத் தெரிந்த கணக்கு லிப்ட் கணக்கு ஒன்றுதான். தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு, ஒரு மீனின் நீளம் இவ்வளவு, வகுத்தால் ஏழு. கடைக்கு டேப்பையே எடுத்துப் போய்க் கண்ணாடி மேல் வைத்து மீன்களை அளந்தார். ஏழையும் ஒரே நாளில் விட்டார். பத்தாவது நாள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீல மீன். அது அவர் மனைவி தேர்ந்தெடுத்த மீன். அந்த அம்மாள் அழுது முடித்துவிட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, பிழைத்த மீனுக்கு ஒரு குகை கட்டிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து நோயில் அவரும் போய்விட்டார். குகை அப்படியே இருக்கிறது, மீனும் இருக்கிறது.

அதன் பிறகு லிப்ட்காரர் பயந்து பயந்து, வருடத்துக்கு ஒன்று இரண்டு என்று மீன் சேர்த்தார். பெரியவளுக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், சின்னவளுக்கு மணலில் புதைந்து முழிக்கும் மஞ்சள் கோபி மீன் ஒன்று, தமக்கு ஊதாத் தலையும் மஞ்சள் வாலுமாக ஒன்று. நீல மீனோடு சேர்த்து ஐந்து. ஐந்தோடு தகட்டை ஒட்டியாகிவிட்டது. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மறுமணம் செய்துகொண்டார். புது மனைவி இரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவர். கணவரை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. லிப்ட்காரரின் இரண்டாவது மகள் பதினொரு வருடமாகச் 'சின்னவள்' என்ற பதவியில் இருந்தவள். தன்னைவிட இரண்டு வயது இளையவள் ஒருத்தி பெட்டியோடு வந்து இறங்கியதும், "இனிமே நீ நடுவுலவ" என்று சொந்தக்காரர்கள் வேடிக்கை பேசினார்கள். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை. நமக்கெதற்கு வம்பு, அவளைச் சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவள் கடைக்குட்டி.

கடைக்குட்டியால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் தொந்தரவு. "பரவாயில்ல அங்கிள்", "தேங்க்ஸ் அக்கா", "எனக்குப் போதும்" என்று எட்டு மாதமாக விருந்தாளி மாதிரியே இருந்தாள். துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய அம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வருஷப் பரீட்சை முடியும் வரை அந்த வீட்டில் இருந்து பார், பிடிக்கவில்லை என்றால் பெரியம்மா வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம், கட்டாயப்படுத்த மாட்டேன். கொடுத்த வாக்கை நினைத்து நினைத்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. மகளைப் பிரிந்து இந்த வீட்டில் எப்படிச் சிரித்துக்கொண்டு இருப்பது? லிப்ட்காரருக்கும் அது தெரியும். பரீட்சைக்கு இன்னும் பத்து வாரம்தான் இருந்தது.

அந்த நிலையில்தான், எதையுமே கேட்காத அந்தக் குழந்தை, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அங்கிள், எல்லாருக்கும் மீன் இருக்குல்ல. எனக்கும் ஒண்ணு வாங்கலாமா?"

அவர் உச்சி குளிர்ந்துபோய்த் தாராளமாக வாக்கைக் கொடுத்துவிட்டார். சின்னவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் அவருக்குப் பல வருடப் பழக்கம். மீன் விற்பதைவிட, விற்க மறுப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

"தொட்டித் தண்ணி கொண்டுவந்தீங்களா? குடுங்க" என்று வாங்கி, சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். தண்ணீர் செக்கச்செவேலென்று மாறியது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? நைட்ரேட் ஏகத்துக்கும் இருக்கு. இருக்கற அஞ்சே இந்தத் தண்ணியில எப்படி உசுரோட இருக்குன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு. இதுல ஆறாவதா? உங்களுக்கா நான் சொல்லணும்?"

"வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு குடுத்தீங்க சரி. மீனு அதுக்கு ஒத்துக்கணுமே."

லிப்ட்காரர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஹாலில் தொட்டிக்கு முன்னால் கடைக்குட்டி உட்கார்ந்து, காலியாக இருந்த ஒரு கல் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு வருடம் சொன்னவர், சொல்லவே கூடாத ஒரு குழந்தையிடம் இப்போது சொல்ல வேண்டும். சொன்னால், "பரவாயில்ல அங்கிள்" என்பாள். அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். இருவரும் இன்னும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"எத்தனை மீன்னு எப்படிக் கணக்குப் போடறீங்க?" என்று கேட்டார் மனைவி.

அவர் விளக்கினார். கொள்ளளவு, நீளம், வகுத்தல்.

"லிப்ட்ல ஏறினவங்க அவங்கவங்க மாடி வந்தா இறங்கிடுவாங்க. இங்க யாரும் இறங்கறதே இல்லையே! திங்கறது, தூங்கறது, கழியறது எல்லாம் அதே பெட்டிக்குள்ளதானே? நீங்க ஆளை எண்ணறீங்க, அழுக்கை எண்ண வேண்டாமா?"

இதைக் கடைக்காரர் வேறு வார்த்தைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மீனுக்குப் போடும் தீனிதான் கடைசியில் அழுக்காகிறது. கல்லில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது தண்ணீரை மாற்றினால்தான் போகும். அவரும் தலையாட்டியிருக்கிறார். ஆனால் புத்தியில் ஏறியது இப்போதுதான்.

மறுநாளிலிருந்து மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க ஊரார் இரத்தத்தைச் சோதிக்கிறவருக்கு மீன் தண்ணீர் எம்மாத்திரம்? தினமும் ஒரே நேரத்தில் ஐந்து மில்லி எடுத்து, சோதித்து, காலண்டரில் எழுதிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரர் நாலு வாளித் தண்ணீரை மாற்றுவார், நிறம் கொஞ்சம் இறங்கும். புதன்கிழமைக்குள் மறுபடி சிவந்துவிடும். இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு சாப்பிடும்போது காலண்டரை மேசை மேல் வைத்தார்.

"அஞ்சு சின்ன மீனு இவ்வளவு அழுக்கு பண்ணாது. எங்கயோ இடிக்குது. ஆமா, மீனுக்கு யாரு சாப்பாடு போடறீங்க?"

"என் கோமாளிங்களுக்கு நான் போடறேன், காலையில" என்றாள் பெரியவள். பதினாறு வயது, எதையும் அதிகம் பேசமாட்டாள்.

"என் கோபிக்கு நான் சாயந்திரம் போடுவேன்" என்றாள் சின்னவள்.

"நான் வேலை முடிஞ்சு வந்து என்னோடதுக்கு" என்றார் லிப்ட்காரர்.

ஏதோ தொட்டிக்குள் ஐந்து தட்டு போட்டு, ஒவ்வொரு மீனும் தன் தட்டில் மட்டும் சாப்பிடுவது போலத்தான் இத்தனை வருடம் அந்த வீட்டில் நடந்திருக்கிறது.

"சரி, நீல மீனுக்கு?"

பெரியவள்தான் முதலில் சொன்னாள். "அதுக்கும் சேத்து ஒரு சிட்டிகை."

"நானும்" என்றாள் சின்னவள். "அம்மா இல்லாம அதுக்கு யாரு இருக்கா?"

லிப்ட்காரர் கையைத் தூக்கினார். அவரும்தான்.

மனைவி காலண்டரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு முகம் சிவக்க, "நானும் போடறேன்" என்றார். "காலையில லேபுக்குக் கிளம்பறப்ப. அவங்க ஆசையா வளத்த மீனாச்சே. நான் வந்த பிறகு அது வாடிப்போச்சுன்னு இருக்கக் கூடாதுன்னு..."

சின்னவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அப்படி நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நானும் போட்டேன்" என்றாள் கடைக்குட்டி, கேட்டும் கேட்காத குரலில். "ஸ்கூல்லேர்ந்து வந்து. எல்லாரையும் பாத்தா கிட்ட வருது, என்னைப் பாத்தா வரல. அதான்."

ஐந்து மீன், ஐந்து பேர், எட்டு வேளைச் சாப்பாடு! பெரியவள்தான் முதலில் சிரித்தாள். தொட்டியில் நீல மீன், கல்யாண வீட்டிலேயே குடியிருப்பது போல உருண்டு திரண்டு, கோமாளி மீன் ஒன்றை மூலை வரைக்கும் விரட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். லிப்ட்காரருக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. இறந்தவளுக்காக இந்த வீட்டில் ஆளுக்கொரு சிட்டிகை துக்கத்தை யாருக்கும் தெரியாமல் தண்ணீரில் போட்டுவந்திருக்கிறார்கள். நேற்று வந்தவர்களும் போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கே முறை வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒரே ஒருவர் கை, எல்லா மீனுக்கும் சேர்த்து. பெரியவளுக்குத் திங்கள், சின்னவளுக்குச் செவ்வாய் என்று பிரித்து, கடைக்குட்டிக்கு வியாழக்கிழமை விழுந்தது. ஒரு வாரத்தில் சிவப்பு ஆரஞ்சானது. மூன்றாவது வாரம் வெளிறிய மஞ்சள். லிப்ட்காரர் அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைக்குட்டியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க முடியாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "இப்ப ஒண்ணு தாங்கும். ஒண்ணுதான். சின்னதா, சாதுவா. இதுக்கு மேல கேட்டீங்கன்னா நான் கடையைப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

கடைக்குட்டி முக்கால் மணி நேரம் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். கடைசியில் கல் மேல் உட்கார்ந்து, தலையில் இரண்டு கொம்பு மாதிரி புருவத்தோடு, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிளென்னி மீனைக் காட்டினாள். "இது பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரியே இருக்கு" என்றாள். நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க, அதை நான்கு வாரம் சமையலறை அலமாரிப் பக்கம் ஒரு குட்டித் தொட்டியில் தனியாக வைத்தார்கள். அந்த நான்கு வாரத்தில் பரீட்சையும் நடந்தது. கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை முடிந்தது. பெட்டியிலிருந்த துணிகள் பெட்டியிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் செய்வார், எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போகட்டும் என்று.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றவேண்டிய நாளும். ஆனால் தண்ணீர் சரியானால் ஆயிற்றா? நீல மீன் இருக்கிறதே! தன் குகையைச் சுற்றி முக்கால் தொட்டியையும் தன் பேரில் எழுதிவைத்துக்கொண்ட ரவுடி அது. புதிதாக வருகிறவனை ஒரே நாளில் கிழித்துவிடும். கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் இரண்டே வழி சொல்லியிருந்தார். நீல மீனை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கற்களை மொத்தமாகக் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். "அப்ப பழசுக்கும் அது புது வீடுதான். எது தன் இடம்னு அதுக்கே தெரியாது. எல்லாம் ஒண்ணா இடம் தேடறப்ப சண்டை குறைஞ்சிடும்."

நீல மீனைக் கொடுக்கிற பேச்சை லிப்ட்காரர் எடுக்கவே இல்லை. கற்களைப் பற்றி எடுத்தார். ஹாலில் ஐந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"அது அம்மா அடுக்கினது" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். பெரியவள் தரையைப் பார்த்தாள். லிப்ட்காரருக்கு மகள் சொல்வது நியாயம்தான் என்று பட்டது. சமையலறையில் நாலு வாரமாகக் காத்திருக்கிற மீனும் நியாயம்தான். மனைவி மெதுவாக, "வேண்டாங்க, விட்டுடுங்க" என்றார்.

"பரவாயில்ல" என்றாள் கடைக்குட்டி, கையைக் கட்டிக்கொண்டு. "எனக்கு மீனு வேணாம். கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். "வேணாம்னா எதுக்குக் கேட்ட?"

"இல்ல... உங்களுக்குக் கஷ்டமா இருந்தா..."

"எப்பப் பாரு பரவாயில்ல, பரவாயில்ல! நாலு வாரமா விடிஞ்சதும் போய் அதுகிட்டப் பேசறல்ல? நான் பாக்கலைன்னு நெனச்சியா? வேணும்னா வேணும்னு சொல்லேன்!"

கடைக்குட்டி கட்டியிருந்த கையைப் பிரித்தாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "வேணும்" என்றாள். பிறகு கத்தினாள். "வேணும்! எனக்கு என் மீனு வேணும்!"

"அப்படிச் சொல்லு" என்று சொன்ன சின்னவள், சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை, அப்படியே தொட்டிக்குள் கையை விட்டாள். குகையின் மேல்கல்லைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள். பிறகு தூக்கினாள். தண்ணீரிலிருந்து வெளியே வந்த அந்தக் கல்லை அப்பாவிடம் கொடுக்கவில்லை, அக்காவிடமும் கொடுக்கவில்லை. "பாத்துப் பிடி, கையைக் கிழிச்சிடும்" என்று கடைக்குட்டியிடம் கொடுத்தாள். லிப்ட்காரர் அழுதுவிட்டார். வாளி எடுக்கப் போகிற சாக்கில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அந்த ஹாலில் நடந்ததை அமைதியான வேலை என்று சொல்ல முடியாது. அந்தக் கல் அங்கே வேண்டாம் என்று ஒருத்தி, அங்கேதான் வேண்டும் என்று இன்னொருத்தி. "உனக்கு என்ன தெரியும்?" "எனக்குத் தெரியும், அது ஓட்டைக்குள்ளதான் தூங்கும், உன் கல்லுல ஓட்டையே இல்ல!" "கத்தாத, மீனு பயப்படும்!" "நீதான் கத்தற!" தடுக்கப் போன லிப்ட்காரரை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க" என்றார். "பத்து மாசமா இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

பெரியவள் தொட்டி விளக்கை அணைத்தாள். மங்கிய தண்ணீரில் பிளென்னியை விட்டார்கள். ஐந்து பேரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நீல மீன் வழக்கமான மூலைக்குப் பாய்ந்தது. அங்கே குகை இல்லை. திரும்பி இந்தக் கோடிக்கு வந்தது, மறுபடி அந்தக் கோடிக்குப் போனது. புதியவனைக் கண்டு ஒருமுறை சீறிக்கொண்டு வந்தது, பாதி வழியில் நின்று, இது என் இடமா இல்லையா என்று யோசிப்பது போலத் திரும்பிப் போய்ப் புதுக் கற்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. கடைசியில் ஒரு வளைவுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்தது. பிளென்னி அதற்குள் ஒரு பொந்தில் வாலை விட்டுக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி உட்கார்ந்திருந்தது.

"நான் சொன்ன ஓட்டை" என்றாள் கடைக்குட்டி.

"நான் வச்ச கல்லு" என்றாள் சின்னவள்.

அப்போதுதான் போன் அடித்தது. பெரியம்மா. கடைக்குட்டியின் அம்மா திரையில் பெயரைப் பார்த்தார். போனை மகளிடம் நீட்டினார். கடைக்குட்டியின் கை இரண்டும் ஈரம். முழங்கையால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடா கண்ணு, பரீட்சை முடிஞ்சுதா? நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பெரியம்மா, இப்ப முடியாது. என் மீனை இப்பத்தான் விட்டிருக்கோம். நீலம் சண்டை போடுதான்னு பாக்கணும். இவ வேற கல்லையெல்லாம் தப்புத் தப்பா வைக்கறா."

"யாரு தப்பா வச்சது?" என்றாள் சின்னவள்.

"சரிடா, அப்ப எப்ப வர்ற?"

கடைக்குட்டி தொட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், லிப்ட்காரரையும் பார்த்தாள்.

"லீவுக்கு வரேன் பெரியம்மா. ஒரு வாரம் இருந்துட்டு வந்துடறேன்."

"என்னது, ஒரு வாரமா?" சின்னவள் போனுக்கு நேராகக் குனிந்தாள். "அதெல்லாம் கிடையாது. அஞ்சு நாள் போதும்."